வெயிலில் காய்ந்த கல்லுக்கு நிலை ஆற்றல் கூடுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். பதினோராம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளுக்கு மூன்று சந்தேகங்கள். நிறையும் உயரமும் கூடினால் நிலை ஆற்றல் கூடும் என்று பாடத்தில் இருக்கிறது, வெப்பநிலை கூடினாலும் கூடுமா? ஒரே உயரத்தில் வெயிலில் ஒரு கல், நிழலில் ஒரு கல் என்று இருந்தால் எதற்கு நிலை ஆற்றல் அதிகம்? உயரத்தில் இருப்பதற்கெல்லாம் ஆற்றல் அதிகம் என்றால் கொடைக்கானல் ஏன் குளிர்கிறது?

மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவது கேள்வி கல்லூரி மாணவர்களையே திணறடிக்கும். அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

தேர்வுக்கு வேண்டிய விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். புவியீர்ப்பால் வரும் நிலை ஆற்றல் மூன்றைப் பெருக்கினால் கிடைக்கும்: நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம். அதில் வெப்பநிலைக்கு இடமில்லை. வெயிலில் காய்ந்த கல்லுக்கும் நிழலில் கிடந்த கல்லுக்கும் இந்த ஆற்றல் ஒன்றேதான். ஆனால் உங்கள் மகளின் சந்தேகம் இதோடு தீர்ந்துவிடாது, தீரவும் கூடாது. வேறொரு வகை நிலை ஆற்றல் இருக்கிறது. அதற்கும் வெப்பநிலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

நிலை ஆற்றல் ஒரு பொருளுக்கு மட்டும் சொந்தமானது அன்று. ஒன்றையொன்று இழுக்கும் அல்லது தள்ளும் பொருள்களுக்கு இடையே, அவை இருக்கும் அமைப்பில் அது இருக்கிறது. கல்லின் நிலை ஆற்றல் என்று சொல்லும்போது, கல்லும் பூமியும் விலகி நிற்பதால் வந்த ஆற்றல் என்று வாசிக்க வேண்டும். அதே கல்லுக்குள் கோடானுகோடி அணுக்கள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் நிற்கின்றன. அவற்றுக்கு இடையிலும் நிலை ஆற்றல் உண்டு. ஆகவே "நிலை ஆற்றல் எவ்வளவு?" என்று யாராவது கேட்டால், "எதற்கும் எதற்கும் இடையே?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தை மகளுக்குக் கொடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நிறையும் உயரமும் எளிமையானவை. இரண்டும் நேர்விகிதம். 1.5 கிலோ பனம்பழம் 20 மீட்டர் உயரத்தில் தொங்கினால் 294 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). 3 கிலோ குலை அதே உயரத்தில் தொங்கினால் 588 ஜூல். மரம் இரு மடங்கு உயரம் என்றாலும் இரு மடங்குதான். விழும் வேகம் மட்டும் அப்படிக் கூடாது. 20 மீட்டரிலிருந்து விழும் பழம், காற்றின் தடையை விட்டுவிட்டால், மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 40 மீட்டரிலிருந்து விழுந்தால் 142 அன்று, 100 தான். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். கொடைக்கானல் உயரத்துக்குப் போனால் புவியீர்ப்பு முடுக்கம் குறையாதா என்றும் சிலர் கேட்பார்கள். குறையும், ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பள்ளிக் கணக்கில் அதை மறந்துவிடலாம்.

உயரத்தில் ஒரு நுணுக்கம் மட்டும் முக்கியம்: எங்கிருந்து அளக்கிறோம் என்பது. மதுரை மாவட்டத்தில் விவசாயம் தெரிந்த எவரும் காலையில் நாளிதழில் இரண்டு எண்களைப் பார்ப்பார்கள், பெரியாறு அணையின் நீர்மட்டம், வைகை அணையின் நீர்மட்டம். பெரியாறு 142 அடி, வைகை 71 அடி என்றால், பெரியாற்று நீர் வைகை நீரைவிட 71 அடி மட்டுமே உயரத்தில் இருக்கிறது என்று எவரும் நினைப்பதில்லை. ஒவ்வோர் அணையின் அடிக்கணக்கும் அந்தந்த அணைக்கு உரியது. பெரியாறு அணை மலைமேல், வைகை அணைக்குப் பல நூறு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நிலை ஆற்றலும் அப்படித்தான். சுழியத்தை எங்கே வைத்தாலும் தவறில்லை, ஆனால் வைத்த இடத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளில்லை. இயற்கைக்குத் தெரிந்தது உயர வித்தியாசம் ஒன்றுதான்.

பெரியாறு அணையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தமிழகப் பக்கம் வரும் நீர் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் சுரங்கப்பாதை வழியாக வர முடியும். அதற்குக் கீழே தேங்கிய நீரும் கம்பம் பள்ளத்தாக்கைவிட மிக உயரத்தில்தான் இருக்கிறது. கணக்குப்படி அதற்கும் ஏராளமான நிலை ஆற்றல் உண்டு. ஆனால் இறங்க வழி இல்லாததால் லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆற்றல் இருப்பது வேறு, அது கைக்கு வருவது வேறு. குமுளி மலைச்சாலையில் போகும்போது மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். வினாடிக்கு 1,000 கன அடி நீர் 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 28 மெகாவாட். இழப்பைக் கழிக்காத கணக்கு இது. நிறையும் உயரமும் மட்டுமே அதில் வருகின்றன. குழாயில் வரும் நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் சில்லென்று இருந்தாலும் மின்சாரம் மாறாது.

இனி வெப்பநிலை. இதற்கு உங்கள் வீட்டு மொட்டை மாடியே ஆய்வுக்கூடம். அங்கே 1,000 லிட்டர் கறுப்புத் தொட்டி இருப்பதாகவும், நீரின் நடுப்பகுதி தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நிலை ஆற்றல் 1,000 பெருக்கல் 9.8 பெருக்கல் 7, அதாவது 68,600 ஜூல். கேட்கப் பெரிதாகத் தோன்றும். மின் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே தொட்டி முழுவதும் சேர்ந்து ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. தரையிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் வேலை அவ்வளவு மலிவானது. மின்கட்டணம் ஏறுவது ஆழ்துளைக் கிணற்றால். 300 அடி ஆழத்திலிருந்து இழுக்கும்போது உயரம் 7 மீட்டர் அன்று, கிட்டத்தட்ட 98 மீட்டர். அப்போது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் அரை யூனிட்டைத் தொடும்.

சித்திரை வெயிலில் அந்தத் தொட்டி என்ன ஆகிறது? காலையில் 28 டிகிரியில் இருந்த நீர் பிற்பகலில் 40 டிகிரி ஆனால், குழாயைத் திறந்தவுடன் கை சுடுகிறது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் தேவை. 1,000 கிலோவுக்கு 12 டிகிரி என்றால் ஏறத்தாழ 5 கோடி ஜூல், அதாவது 14 யூனிட். தொட்டி உயரத்தில் இருப்பதால் வந்த ஆற்றல் 68,600 ஜூல் மட்டும், வெயில் அதற்குள் ஏற்றியதோ அதைப்போல 700 மடங்குக்கு மேல்.

இந்த 5 கோடியில் ஒரு துளியாவது புவியீர்ப்பு நிலை ஆற்றலாக மாறியதா? கறாராகக் கணக்கிட்டால் மாறியது. சூடானால் நீர் விரிகிறது. 28-லிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது கன அளவு நூற்றுக்கு 0.4 பங்கு கூடும். நீர் 1.2 மீட்டர் ஆழம் இருந்தால், தொட்டிச் சுவர் விரிவதை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, மட்டம் சுமார் 5 மில்லிமீட்டர் உயரும். நிறை மையம் அதில் பாதி உயரும். அதனால் கூடும் நிலை ஆற்றல் 24 ஜூல். 5 கோடி எங்கே, 24 எங்கே! தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தால் இன்னும் வேடிக்கை. விரிந்த 4 லிட்டர் நீர் வழிந்து கீழே போய்விடும், அதனால் சுமார் 300 ஜூல் குறையும். சூடேறிய தொட்டிக்கு நிலை ஆற்றல் குறைந்துவிட்டது! ஆகவே வெப்பநிலை புவியீர்ப்பு நிலை ஆற்றலை நேரடியாகத் தொடுவதில்லை. உயரத்தையோ நிறையையோ மாற்றினால் அதன் வழியாக மட்டுமே, அதுவும் மிகச் சிறிய அளவில் தொடும்.

ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைப் படித்தவர்கள், சூடானால் நிறையும் கூடுமே என்பார்கள். உண்மை. 5 கோடி ஜூல் ஏறிய தொட்டியின் நிறை, ஒரு கிராமில் சுமார் 18 லட்சத்தில் ஒரு பங்கு கூடும். எந்தத் தராசிலும் அந்தத் தொட்டியை வைத்து இதைக் காட்ட முடியாது.

அப்படியானால் 5 கோடி ஜூல் எங்கே போனது? இங்கேதான் இரண்டாவது வகை நிலை ஆற்றல் வருகிறது. வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டும் அளவு. ஆனால் உள்ளே ஏறும் வெப்பம் முழுவதும் இயக்கமாகிவிடுவதில்லை. கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு அந்தக் கல்தளம் எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. திடப்பொருளில் ஒவ்வோர் அணுவும் தன் இடத்தில் நின்று அதிர்கிறது, சுருள்வில்லில் கட்டிய குண்டைப் போல. ஒரு கணம் வேகம், மறு கணம் இழுவை. அப்படி அதிரும் எதிலும் ஆற்றல் சராசரியாகப் பாதி இயக்கமாகவும் பாதி நிலை ஆற்றலாகவும் இருக்கும். ஒரு கிலோ கருங்கல் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 24,000 ஜூல் உள்ளே போகிறது. அதில் பாதி, சுமார் 12,000 ஜூல், அணுக்களுக்கு இடையிலான நிலை ஆற்றல். அதே கல்லின் புவியீர்ப்பு நிலை ஆற்றலை 12,000 ஜூல் கூட்ட வேண்டுமானால் 1,200 மீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். ஆகவே உங்கள் மகளின் இரண்டாவது கேள்விக்கு முழு விடை இது: பூமிக்கும் கல்லுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. கல்லின் அணுக்களுக்கு இடையே வெயில்பட்ட கல்லுக்குத்தான் நிலை ஆற்றல் அதிகம்.

வெப்பநிலை மாறாமலே இந்த உள் நிலை ஆற்றல் கூடவும் செய்யும். ஜிகர்தண்டாக் கடையில் ஐஸ்கட்டி உருகுவதைப் பாருங்கள். உருகி முடியும்வரை ஐஸும் அதைச் சுற்றிய நீரும் 0 டிகிரியிலேயே நிற்கின்றன. ஒரு கிலோ ஐஸ் 3,34,000 ஜூல் வெப்பத்தை விழுங்கியிருக்கும், ஆனால் வெப்பநிலைமானியில் ஒரு கோடுகூட ஏறியிருக்காது. அந்த வெப்பம் மூலக்கூறுகளை வேகப்படுத்தவில்லை, அவற்றின் பிணைப்பைத் தளர்த்தியது. அதாவது முழுவதும் நிலை ஆற்றலாகப் போயிற்று. உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் வருவது இதுதான். அந்த ஆற்றலைக் கொண்டு அதே ஒரு கிலோ ஐஸை நேராக மேலே தூக்கினால் 34 கிலோமீட்டர் போகலாம். கொதிக்கும் நீர் ஆவியாக இன்னும் அதிகம், கிலோவுக்கு 22,57,000 ஜூல். தூக்கும் கணக்கில் அது 230 கிலோமீட்டர்.

இந்த ஒப்பீடுகளின் அடியில் ஓர் எண் இருக்கிறது: 427. நீரை ஒரு டிகிரி சூடாக்கும் ஆற்றல், அதே நீரை 427 மீட்டர் உயர்த்தும் ஆற்றலுக்குச் சமம். 4,186-ஐ 9.8-ஆல் வகுத்தால் கிடைப்பது. இந்த நாணய மாற்று விகிதத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஜேம்ஸ் ஜூல் 1840-களில் பல ஆண்டுகள் உழைத்தார். எடைகளை விழவிட்டு, அவற்றின் இழுவையால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். ஏறியது மிகச் சிறிய அளவு. அதனால்தான் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. நயாகரா அருவியின் அடியில் நீர் ஃபாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் அவர் கணக்கிட்டுச் சொன்னார்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறை காணாமல் போவது. விழும் நீரின் நிலை ஆற்றல் முழுவதும் அந்த நீரைச் சூடாக்கவே செலவானால், சமன்பாட்டின் இருபுறமும் நிறை வருகிறது, இருபுறமும் அடிபடுகிறது. மிஞ்சுவது உயரமும் வெப்பநிலையும் மட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் ஓர் ஆறே விழுந்தாலும் 427 மீட்டருக்கு ஒரு டிகிரிதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகிறவர்கள் டம் டம் பாறையில் நின்று தலையாறு அருவியைப் பார்ப்பார்கள். அதன் உயரம் 297 மீட்டர். கணக்குப்படி அடியில் நீர் 0.7 டிகிரி கூடுதல் வெப்பத்துடன் இருக்க வேண்டும். நேரில் அளந்தால் அப்படி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விழும்போது நீர் சிதறிக் காற்றில் ஆவியாகிறது. கிலோவுக்கு 1.2 கிராம் ஆவியானாலே அந்த 0.7 டிகிரி போய்விடும். முந்நூறு மீட்டர் இறக்கத்தை ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான நீராவி ஈடுகட்டிவிடுகிறது.

இப்போது கொடைக்கானலுக்கு வருவோம். ஊர் 2,133 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மதுரையைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் அதிகம். மே மாதத்தில் மதுரையில் 38, 39 டிகிரி காயும்போது அங்கே பகலிலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

உயரே போனதால் வெப்பம் நிலை ஆற்றலாக மாறிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை, எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. வத்தலக்குண்டில் பிளாஸ்க்கில் தேநீர் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறுங்கள். கொடைக்கானலில் திறந்தால் சூடாகவே இருக்கும். ஒரு கிலோ தேநீருக்கு 2,000 மீட்டர் ஏற்றத்தில் 19,600 ஜூல் நிலை ஆற்றல் கூடியது. அதைத் தந்தது பஸ்ஸின் டீசல், தேநீரின் சூடு அன்று. மலைமேல் ஏற்றிய கல்லும் அப்படியே. உயரம் தானாக எதையும் குளிர்விப்பதில்லை.

காற்று மட்டும் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது? காற்று அமுங்கும், விரியும். தரையில் சூடான காற்று மேலே எழும்போது சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது. எழும் காற்று விரிகிறது, விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ளுகிறது. தள்ளுவது வேலை. அந்த வேலைக்கான செலவு அதன் அக ஆற்றலிலிருந்து, அதாவது அதன் மூலக்கூறுகளிடம் உள்ள ஆற்றலிலிருந்து போகிறது, அதனால் குளிர்கிறது. எவ்வளவு என்று கணக்கிட்டால் அழகான விடை வருகிறது. ஒரு கிலோ காற்று 1,000 மீட்டர் எழுந்தால் நிலை ஆற்றல் 9,800 ஜூல் கூடும். மாறா அழுத்தத்தில் காற்றின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்கு சுமார் 1,005 ஜூல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி. உலர்ந்த காற்று ஏறும்போது குளிர்வது சரியாக அந்த வேகத்தில்தான். நிறை இங்கேயும் அடிபட்டுவிட்டது.

ஆனால் மூலக்கூறுகள் மேலே ஏறிக் களைத்துவிட்டன என்று நினைத்தால் தவறு. 19-ஆம் நூற்றாண்டில் லோஷ்மிட் என்ற அறிஞர், அசையாமல் மூடிவைத்த காற்றுத் தூணிலும் ஈர்ப்பால் மேல்பகுதி குளிர்ந்திருக்கும் என்று வாதிட்டார். மாக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மனும் மறுத்தார்கள். சமநிலையில் தூண் முழுவதும் ஒரே வெப்பநிலைதான் என்பது அவர்கள் முடிவு, அதுவே நிலைத்தது. வளிமண்டலம் அப்படிச் சமநிலையில் அடங்கிக் கிடப்பதில்லை. வெயில் காற்றைவிடத் தரையைத்தான் அதிகம் சூடாக்குகிறது. தரையைத் தொட்ட காற்று எழுகிறது, மேலே உள்ளது இறங்குகிறது. இந்த ஓயாத கலக்கல்தான் மேலே குளிர், கீழே சூடு என்ற நிலையைக் காக்கிறது. கொடைக்கானலின் தரையும் வெயிலில் காய்கிறது, ஆனால் அந்த மலையைச் சுற்றி அதே உயரத்தில் வீசும் குளிர்ந்த காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடுகிறது.

2,000 மீட்டருக்கு 9.8 வீதம் 20 டிகிரி குறைய வேண்டும். வளிமண்டலத்தின் சராசரிக் குறைவோ கிலோமீட்டருக்கு 6.5 டிகிரிதான். எழும் காற்றில் உள்ள நீராவி மேகமாகும்போது உள்ளுறை வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது என்பது இதற்கு முக்கியக் காரணம். ஐஸ் உருகியபோது உள்ளே போன கணக்குதான், இங்கே வெளியே வருகிறது.

இதை ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் உடம்பிலேயே உணரலாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் ஏறி, மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. தோராயமாக ஒரு கணக்கு: கடல்மட்டத்தில் 30 டிகிரியில் புறப்பட்ட காற்று முதல் 500 மீட்டர் மேகமின்றி ஏறி 25-க்கு வருகிறது. அடுத்த 1,000 மீட்டர் மேகமாகி ஏறும்போது 5 டிகிரி மட்டும் குறைந்து 20-இல் நிற்கிறது. பிறகு 1,500 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்கு இறங்கும்போது மேகம் இல்லாததால் கிலோமீட்டருக்கு 9.8 வீதம் சூடாகி 31 டிகிரிக்கு வந்துவிடுகிறது. இதே காற்று கேரளப் பக்கம் அதே 400 மீட்டரில் இருந்தபோது 26 டிகிரி. உயரம் ஒன்று, எனவே நிலை ஆற்றலும் ஒன்று, வெப்பநிலை மட்டும் 5 டிகிரி அதிகம். அந்த 5 டிகிரிக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 5,000 ஜூல் தேவை. ஒவ்வொரு கிலோ காற்றும் மலைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த சுமார் 2 கிராம் மழைநீரின் உள்ளுறை வெப்பம் அது.